ஆள்மாற்றம் ஆட்டத்தை எங்கே திருப்புகிறது: கூடைப்பந்து ஆட்டத்தைக் குறித்துப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு ஏழு மணி என்றால் கொழும்பில் குளிர்காலத்தில் விடிய ஐந்தரை. அந்த நேரத்துக்கு எழும்பி அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ. ஆட்டம் பார்க்கிற பொடியன்கள் வெள்ளவத்தையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் கேட்டால் கடைசி நிமிடத்தில் தவறிய எறிகையைப் பற்றித்தான் சொல்வார்கள். இரண்டாம் கால்பகுதித் தொடக்கத்தில் நான்கு மாற்று ஆட்டக்காரர்கள் நின்ற ஐந்து நிமிடத்தில் பதினொரு புள்ளி போனது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

எங்கள் கழகத்தில் ஆட்டக் குறிப்பு எழுத வருகிறவர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது அந்த ஐந்து நிமிடத்தைக் கண்டுபிடிக்கிற வேலையைத்தான். வரிசை முக்கியம். நடுவில் ஒரு படியை விட்டால் கடைசியில் வருகிற எண் அழகாக இருக்கும், ஆனால் பொய் சொல்லும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முழு ஆட்டத்தின் காணொளி வேண்டும். பத்து நிமிடச் சுருக்கம் உதவாது. யார் உள்ளே வந்தார், யார் போனார் என்பதைத்தான் அதில் முதலில் வெட்டி எறிந்திருப்பார்கள்.

கட்டம் போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்று, இரண்டு நிறப் பேனை, ஒரு பென்சில், றப்பர். மடிக்கணினியில் எக்செல் திறந்துகொண்டு தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் கால்பகுதியிலேயே ஆட்டத்தைத் தவற விடுகிறார்கள். கையால் எழுதிவிட்டு அப்புறம் தட்டச்சு செய்யுங்கள்.

முடிந்தால் இரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் திரையைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். தனியாகச் செய்யலாம், ஆனால் நேரம் இரட்டிப்பாகும்.

2. எந்த விதியில் ஆடுகிறார்கள் என்று தாளின் தலையில் எழுதுங்கள்

இது சின்ன வேலை. ஆனால் இதை விட்டவர்கள் பின்னால் எல்லாக் கணக்கையும் திருப்பிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம், நான்கு பன்னிரண்டு. சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதியில் 40 நிமிடம், நான்கு பத்து. எந்த நேரமும் ஐந்து பேர் களத்தில் நிற்பதால் ஓர் அணியின் ஆட்டக்காரர் நிமிடங்களைக் கூட்டினால் என்.பி.ஏ.வில் 240, ஃபிபாவில் 200 வர வேண்டும். மேலதிக நேரம் வந்தால் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் 25 கூட்டுங்கள்.

என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டக்காரர் ஆறாவது ஃபவுலில் (விதிமீறலில்) வெளியேற வேண்டும், ஃபிபாவில் ஐந்தாவதில். வகுத்துப் பார்த்தால் இரண்டிலும் எட்டு நிமிடத்துக்கு ஒரு ஃபவுல். இந்த எட்டை ஞாபகம் வைத்திருங்கள், ஆறாம் படியில் தேவைப்படும்.

கடிகாரம் நிற்கிற இடமும் வேறு. ஃபிபா விதியில் கூடை விழுந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நான்காம் கால்பகுதியின் கடைசி இரண்டு நிமிடத்திலும் மேலதிக நேரத்தின் கடைசி இரண்டு நிமிடத்திலும்தான் நிற்கும். அதனால் ஃபிபா ஆட்டத்தில் ஆள் மாற்ற நினைத்த நேரத்துக்கும் மாற்றிய நேரத்துக்கும் நடுவே சில வேளை இரண்டு நிமிடம் போய்விடும். அந்த இரண்டு நிமிடத்துக்கான பழியைப் பயிற்றுநர் தலையில் போடாதீர்கள்.

3. முதலில் கோடு மட்டும் போடுங்கள், புள்ளியைத் தொடாதீர்கள்

இடது ஓரத்தில் ஆட்டக்காரர்களின் இலக்கங்கள், மேலே நிமிடங்கள். ஒருவர் களத்தில் நிற்கிற நேரம் முழுக்க அவருடைய வரிசையில் ஒரு கிடைக்கோடு. வெளியே போனதும் கோட்டை நிறுத்தி, கடிகாரம் காட்டிய நேரத்தைச் சின்னதாக எழுதுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே புள்ளி, ரீபவுண்ட் (தவறிய எறிகையைப் பிடிப்பது), டர்னோவர் (எறியாமலே பந்தை எதிரணியிடம் இழப்பது) எல்லாவற்றையும் சேர்த்து எழுதப் பார்ப்பார்கள். அப்போது கண் பந்தின் பின்னாலேயே ஓடும், பக்கவாட்டுக் கோட்டில் நிற்கிறவரைக் காணாது. முதல் சுற்றில் ஆள் மட்டும். புள்ளிக்கு இரண்டாவது முறை ஓடவிடலாம்.

எல்லாரும் விழுகிற பள்ளம் ஒன்று உண்டு: கால்பகுதி இடைவேளை. விசில் அடித்து ஆள் மாற்றினால் திரையில் தெரியும், இணையத்தில் வருகிற நிகழ்வுப் பட்டியலிலும் ஒரு வரி வரும். இடைவேளையில் மூன்று பேரை மாற்றிக்கொண்டு வந்தால் அப்படி ஒரு வரி இருக்காது. ஆகவே ஒவ்வொரு கால்பகுதியின் முதல் பந்தும் கைக்கு வந்தவுடன் காணொளியை நிறுத்தி, ஐந்து இலக்கங்களையும் கண்ணால் பார்த்து எழுதுங்கள்.

முடிந்ததும் ஓர் அடிமட்டத்தைச் செங்குத்தாக வைத்துத் தாளின் குறுக்கே நகர்த்துங்கள். எந்த இடத்திலும் அது ஐந்து கோடுகளை வெட்ட வேண்டும். நாலு அல்லது ஆறு வந்தால் அங்கே திரும்பிப் போங்கள். மொத்தம் 240 அல்லது 200 வராமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது.

4. ஆட்டத்தைத் துண்டுகளாக வெட்டுங்கள்

ஐந்து பேரில் ஒருவர் மாறினாலும் அது புதிய துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், தொடங்கிய புள்ளி, முடிந்த புள்ளி என்று நான்கை மட்டும் எழுதுங்கள்.

பயிற்சிக்கு நான் கரும்பலகையில் எழுதுகிற கற்பனை ஆட்டம் இது. ஃபிபா விதி, முதல் கால்பகுதி. ஐவர் அ: 10:00 முதல் 5:40 வரை, 0–0 இலிருந்து 12–7. கூட்டல் 5, அதாவது அந்த நேரத்தில் எதிரணியைவிட ஐந்து புள்ளி கூட. ஒருவர் மாறி ஐவர் ஆ: 5:40 முதல் 2:15 வரை, 17–14. கழித்தல் 2. மூன்று பேர் மாறி ஐவர் இ: 2:15 முதல் முடிவு வரை, 18–21. கழித்தல் 6. இரண்டாம் கால்பகுதியையும் இதே இ தொடங்குகிறது: 10:00 முதல் 7:30 வரை, 22–26. கழித்தல் 1.

சரி பார்க்கும் முறை எளிது. முதல் மூன்று துண்டின் நேரம் 4:20, 3:25, 2:15, கூட்டினால் பத்து நிமிடம். வித்தியாசம் 5, கழித்தல் 2, கழித்தல் 6, கூட்டினால் கழித்தல் 3. கால்பகுதி முடிவு 18–21. பொருந்துகிறது. இப்படிப் பொருந்தாத தாளை நான் வாங்குவதே இல்லை.

இங்கே கவனியுங்கள். கால்பகுதி வாரியாகப் பார்க்கிறவருக்கு இ என்ற ஐவர் இரண்டு சின்னத் துண்டாகத்தான் தெரியும். சேர்த்தால் 4:45 நிமிடத்தில் கழித்தல் 7. தொலைக்காட்சியில் நடுவே விளம்பரம் போய்விடுவதால் பார்க்கிற எவருக்கும் இது ஒரே சங்கதி என்று தோன்றாது.

என்.பி.ஏ.வில் இரண்டு ஃப்ரீ த்ரோவுக்கு (ஃபவுலுக்குக் கிடைக்கிற தடையில்லா எறிகைக்கு) நடுவிலும் ஆள் மாற்றுவார்கள். அப்போது விழுகிற இரண்டாவது புள்ளி யாருடைய கணக்கில்? ஃபவுல் நடந்தபோது நின்ற ஐவரின் கணக்கில் எழுதுங்கள். அந்தப் புள்ளியை உண்டாக்கியது அவர்கள்தான், புதிதாக வந்தவர் வரிசையில் போய் நின்றார், அவ்வளவுதான். உங்களுக்கு வேறு விதி பிடித்தால் அதையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் நடுவில் மாற்றக்கூடாது.

5. நிமிடத்தை விட்டு, பந்து வாய்ப்பை எண்ணுங்கள்

வேகமாக ஓடுகிற ஐவரும் மெதுவாக நடக்கிற ஐவரும் மூன்று நிமிடத்தில் ஒரே அளவு பந்து ஆடுவதில்லை. அதனால்தான் நூறு வாய்ப்புக்கு (பந்து ஓர் அணியின் கையில் இருக்கிற ஒரு தடவைதான் ஒரு வாய்ப்பு) எத்தனை புள்ளி என்று கணக்கிடுகிறார்கள்.

கையில் புள்ளிவிவரத் தாள் மட்டும் இருந்தால் வழக்கமான சூத்திரம் இது: எறிகை முயற்சி, அதோடு ஃப்ரீ த்ரோவை 0.44 ஆல் பெருக்கியது, அதோடு டர்னோவர், அதிலிருந்து தாக்குதல் ரீபவுண்டை (தன் அணியின் தவறிய எறிகையைத் தன் அணியே பிடித்ததை) கழிக்கவும். ஏன் பாதி இல்லாமல் 0.44? எல்லா ஃப்ரீ த்ரோவும் இரண்டிரண்டாக ஒரு வாய்ப்பை முடிப்பதில்லை. கூடை விழுந்து அதோடு ஒன்று கிடைப்பது, தொழில்நுட்பத் தவறுக்குக் கிடைப்பது எல்லாம் அதில் கலந்திருக்கின்றன.

காணொளி இருந்தால் சூத்திரம் எதற்கு, குச்சிக் குச்சியாகக் கோடு போட்டு எண்ணுங்கள். பந்து எதிரணியின் கைக்குப் போனால் ஒரு வாய்ப்பு முடிந்தது. தன் எறிகையைத் தானே திரும்பப் பிடித்தால் அது புதிய வாய்ப்பு அல்ல, பழையதே தொடர்கிறது. அநேகமாக எல்லாரும் முதல் வாரத்தில் இதில்தான் பிழை விடுகிறார்கள்.

நமது கற்பனை ஆட்டத்தில் இ என்ற ஐவருக்கு ஒன்பது வாய்ப்பு என்று வையுங்கள். அதில் ஐந்து புள்ளி, நான்கு டர்னோவர். இப்போது கதை மாறுகிறது. இவர்கள் எறியத் தெரியாதவர்கள் அல்லர், பந்தைக் கொண்டுபோக ஆள் இல்லாதவர்கள். பந்து கொண்டுபோகிற இருவரையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

6. ஏன் மாற்றினார்கள் என்று பக்கத்தில் ஓர் எழுத்து

ஓ என்றால் ஓய்வு. ஃப என்றால் ஃபவுல். எ என்றால் எதிராளிக்கு ஏற்ப. கா என்றால் காயம். தெரியாவிட்டால் கேள்விக்குறி. ஊகித்து எழுதவேண்டாம்.

இது எதற்கு? ஓய்வுக்காகச் செய்த மாற்றம் திட்டத்தில் இருந்தது. ஃபவுலுக்காகச் செய்தது திட்டத்தை உடைத்தது. இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் அந்தப் பயிற்றுநரின் வழக்கம் என்ன என்பதே தெரியாமல் போய்விடும்.

ஃபவுல் விஷயத்தில் பழைய வழக்கம் ஒன்று: கால்பகுதி எண்ணைவிட ஒன்று கூடினால் உட்கார வைப்பது. முதல் கால்பகுதியில் இரண்டு, இரண்டாவதில் மூன்று. எட்டு நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கைப் பார்த்தால் இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள் என்பது என் எண்ணம். ஐந்து ஃபவுல் வாங்கினால் நடுவர் செய்கிற தண்டனையை, இரண்டு வாங்கியதும் பயிற்றுநர் தானே செய்துவிடுகிறார். ஆட்டம் முடிகிறபோது மூன்று ஃபவுலோடு, பதினெட்டே நிமிடம் ஆடி, வியர்க்காமல் நிற்கிற நல்ல ஆட்டக்காரரை எத்தனை தடவை பார்த்திருப்போம். உங்கள் தாளில் ஃப என்று தொடங்குகிற ஓய்வுகளை மட்டும் தனியாகக் கூட்டிப் பாருங்கள். அந்த நிமிடங்களில் போன புள்ளி, காப்பாற்றிய ஃபவுலுக்குப் பெறுமதியா என்பது அங்கே தெரியும்.

7. எதிரே யார் நின்றார்கள்

இரண்டாவது நிறப் பேனை இதற்கு. எதிரணியின் கோடுகளையும் அதே தாளின் கீழே போடுங்கள். மாற்று ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்களோடுதான் மோதுவார்கள். அதனால் அவர்களின் கூட்டல் எண் அழகாகத் தெரியலாம்.

2017–18 பருவத்து என்.பி.ஏ. அணியான டொராண்டோ ராப்டர்ஸ் நல்ல பாடம். ஃப்ரெட் வான்வ்லீட், பாஸ்கல் சியாகம் போன்றவர்கள் இருந்த அந்த இரண்டாம் வரிசை பருவம் முழுக்க எதிராளிகளின் பெஞ்சை (மாற்று ஆட்டக்காரர்களை) அடித்து நொறுக்கியது. அணி 59 ஆட்டங்கள் வென்றது. பருவம் முடிந்து கிண்ணத்துக்காக நடக்கிற பிளேஆஃபில் எதிரணிகள் பெஞ்சைச் சுருக்கி, முதல் ஐவரை நீண்ட நேரம் நிறுத்தும். வான்வ்லீட்டுக்குத் தோள் காயம் வேறு. இரண்டாம் சுற்றில் கிளீவ்லாந்திடம் 4–0 என்று தோற்றார்கள்.

வெற்றி ஏற்கெனவே முடிவான கடைசி நிமிடங்களை வெட்டிவிடுங்கள். 25 புள்ளி வித்தியாசத்தில் பெஞ்சின் கடைசியில் இருந்தவர் வந்து எறிந்த மூன்று புள்ளிகளுக்கு அர்த்தம் இல்லை. வெட்டாவிட்டால் இன்னொரு தலைகீழ் முடிவும் வரும்: பெஞ்சுக்கு அதிக நிமிடம் கொடுத்த ஆட்டங்களில் அணி வென்றிருக்கிறது, ஆகவே பெஞ்சை அதிகம் ஆட விட்டால் வெல்லலாம் என்று. வென்றதால்தான் அவர்களை இறக்கினார்கள்.

8. பெரிய ஆட்டக்காரர் உட்கார்ந்திருக்கிற நிமிடங்களைத் தனியாக எடுங்கள்

இந்தப் படிக்காகத்தான் மற்ற ஏழும். அணியின் முதலிடத்து ஆட்டக்காரர் உள்ளே நின்ற நேரத்துக்கு ஒரு கூட்டல், வெளியே இருந்த நேரத்துக்கு ஒரு கூட்டல். நிகோலா யோக்கிச் ஆடிய டென்வர் அணியில் பல பருவங்களாக இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே இருந்தது பள்ளத்தாக்கு.

அடுத்து, அணியில் அப்படி இருவர் இருந்தால், அவர்களின் ஓய்வு எப்படி விழுகிறது என்று பாருங்கள். 48 நிமிடத்தில் இருவரும் 36 நிமிடம் ஆடுகிறார்கள் என்று வையுங்கள். ஒன்றாக உட்கார்ந்தால் 36 நிமிடம் இருவரும் இருப்பார்கள், 12 நிமிடம் இருவருமே இல்லை. மாறி மாறி உட்கார்ந்தால் 24 நிமிடம் இருவரும், மீதி 24 நிமிடம் ஒருவராவது. யாருமே இல்லாத நிமிடம் பூச்சியம். உழைப்பு இரண்டிலும் ஒன்றுதான், ஒருவரும் ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக ஓடவில்லை.

அப்படியென்றால் எல்லாரும் மாறி மாறி உட்கார வைக்கலாமே என்று பொடியன்கள் உடனே கேட்பார்கள். இழப்பும் உண்டு: இருவரும் சேர்ந்து ஆடுகிற நேரம் 36 இலிருந்து 24 ஆகிவிட்டது. சேர்ந்து நிற்கும்போது அவர்கள் எதிராளியை எவ்வளவு முந்துகிறார்கள், இருவரும் இல்லாதபோது எவ்வளவு இழக்கிறார்கள், ஒருவர் மட்டும் நிற்கும்போது என்ன நடக்கிறது. இந்த மூன்று எண்ணையும் உங்கள் தாள் தரும். அதை வைத்துத்தான் பேச வேண்டும்.

எல்லா அணிக்கும் ஒரே விடை கிடையாது. 2013–14 பருவத்தில் பயிற்றுநர் கிரெக் பொப்போவிச்சின் சான் அன்டோனியோ அணியில் ஒருவர்கூடச் சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை. 62 வெற்றி, கிண்ணமும் அவர்களுக்கு. அடுத்த ஆண்டு இறுதிச் சுற்றில் 2–1 என்று பின்னால் நின்ற கோல்டன் ஸ்டேட், நான்காவது ஆட்டத்தில் உயரமான ஆண்ட்ரூ போகட்டை எடுத்துவிட்டு, பருவம் முழுக்கப் பெஞ்சிலிருந்து வந்த ஆந்த்ரே இகுடாலாவை முதல் ஐவரில் நிறுத்தியது. தொடர்ந்து மூன்று ஆட்டம் வென்று கிண்ணம், இகுடாலாவுக்கு இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது. 2025இல் பெஞ்சை நீளமாகப் பயன்படுத்திய இண்டியானா, முதல் ஐவரை நீண்ட நேரம் ஆட வைப்பதில் பெயர் போன பயிற்றுநர் டொம் திபோடோவின் நியூயார்க்கை பிளேஆஃப் தொடரில் 4–2 என்று வென்றது.

9. ஒரு ஆட்டத்தை வைத்து யாரையும் தூக்கில் போடாதீர்கள்

போன பருவத்தில் ஒரு தம்பி கொப்பியோடு ஓடிவந்தான். “அண்ணா, ஒன்பதாம் நம்பர் மைனஸ் பதினொன்று. இனி அவரை இறக்கவே கூடாது.”

“அவரோட யார் யார் நின்றது?”

முழித்தான். தாளைத் திருப்பிப் பார்த்தால், ஒன்பதாம் நம்பர் வந்த மூன்று தடவையும் பந்து கொண்டுபோகிறவர் அதே விசிலில் வெளியே போயிருக்கிறார். பாவம், அவர் வந்தது குற்றமில்லை, மற்றவர் போனதுதான்.

எண்ணும் சின்னது. என்.பி.ஏ.வில் ஓர் அணிக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய இரண்டு வாய்ப்பு. ஐந்து நிமிடம் என்றால் பத்து. அதில் எதிராளி எறிந்த ஒரு மூன்று புள்ளி விழுந்ததா தவறியதா என்பதே நூறு வாய்ப்புக்கு முப்பது புள்ளி வித்தியாசம் காட்டும். பத்துப் பேரை வைத்து அமைக்கக்கூடிய ஐவர்கள் 252, பன்னிரண்டு பேர் என்றால் 792. எல்லாவற்றுக்கும் போதிய நிமிடம் ஒருநாளும் சேராது.

அதனால் ஐவரை விட்டு இருவராகப் பாருங்கள். பத்துப் பேரில் சோடிகள் 45தான். ஏழெட்டு ஆட்டம் எழுதினால் எந்தச் சோடி பிரிந்தால் அணி தடுமாறுகிறது என்பது ஓரளவு தெரியத் தொடங்கும்.

10. எங்கள் பெஞ்சுக்குக் கொண்டுவரும்போது

விடிய பார்த்ததை அப்படியே பின்னேரம் இங்கே செய்ய முடியாது. திறந்தவெளிச் சீமெந்துக் களத்தில், கொழும்புப் புழுக்கத்தில், ஒருவரைப் பன்னிரண்டு நிமிடம் தொடர்ந்து ஓடவிட்டால் கடைசி மூன்று நிமிடம் அவர் நடக்கத்தான் செய்வார். ஐந்து, ஆறு நிமிடத் துண்டுகளாக வெட்டி, அடிக்கடி மாற்றுவது எங்களுக்குச் சரிவந்திருக்கிறது.

நம்மிடம் நம்பி இறக்கக்கூடியவர்கள் பெரும்பாலும் ஏழெட்டுப் பேர். ஆகவே முதலில் ஒரே ஒரு விதியை வையுங்கள்: பந்து கொண்டுபோகத் தெரிந்த இருவரும் ஒரே நேரத்தில் வெளியே இருக்கக்கூடாது. மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்.

ஃபிபா விதியில் மாற்று ஆட்டக்காரர்தான் மேசைக்குப் போய்க் கேட்க வேண்டும். பயிற்றுநர் பெஞ்சிலிருந்து கத்தினால் மாற்றம் ஆகாது. எங்கள் அணியே ஒருமுறை இதில் மாட்டியது. கோச் சொன்னார், பொடியன் எழும்பினான், மேல்சட்டையின் சிப் இறுகிவிட்டது, விசில் அடித்து பந்தும் உள்ளே போய்விட்டது. அடுத்த விசில் வர ஒன்றரை நிமிடம். அதற்குள் களைத்துப்போய் நின்றவன் தலைக்கு மேலால் இரண்டு கூடை. அன்றிலிருந்து அடுத்து இறங்க வேண்டியவர் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு மேசைக்குக் கிட்ட உள்ள இருக்கையில்தான் இருப்பார்.

கோச்சுக்குக் கொடுக்கிற தாளில் மூன்று வரிக்கு மேல் எழுதாதீர்கள். எந்தச் சோடியைப் பிரிக்கக்கூடாது, எந்த நிமிடத்தில் நமக்கு வழமையாகப் பள்ளம் விழுகிறது, எதிரணியின் பெரிய ஆள் வழமையாக எப்போது உட்காருகிறார். இதை ஆட்டம் தொடங்க முன்பு, ஆட்டக்காரர்கள் உடம்பைச் சூடாக்குகிற நேரத்தில் கொடுங்கள். அரைநேரத்தில் நீட்டினால் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார், சேர்ட் தோய்க்கிற அன்றைக்குத்தான் அது வெளியே வரும்.